பேனலின் முதுகைப் படியுங்கள்



திருவனந்தபுரம் நகரத்தில் கிழக்கேகோட்டை என்று ஓர் இடம் உண்டு. பத்மநாபசுவாமி கோயிலுக்குப் போகிறவர்கள் அங்கேதான் பஸ்ஸை விட்டு இறங்குவார்கள். சாலைக் கடைத்தெருவும் அங்கேதான் தொடங்குகிறது. மலையாளமும் தமிழும் கலந்து கேட்கும் தெரு அது. குமரி மாவட்டத்துத் தோவாளையிலிருந்து வரும் பூ அங்கே விலை போகும்.

அந்த இடத்தில் பூ விற்கும் ஓர் அம்மா இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் வீடு எல்லைக்கு இப்பால், குமரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் இருக்கிறது. காலையில் வருவார். இருட்டிய பிறகு திரும்புவார். எழுதப் படிக்கக் கற்று ஓராண்டு ஆகிறது. எண்கள் நன்றாகத் தெரியும். எழுத்துக் கூட்டிப் படிப்பார்.

அவருக்கு இரண்டு தேவைகள். ஒன்று, மாலையில் பூக்கூடைக்கு மேலே ஒரு விளக்கு வேண்டும். இன்னொன்று, புயல் மழைக் காலத்தில் வீட்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் வேண்டும்.

இரண்டாவது தேவைக்கு ஒரு காரணம் உண்டு. 2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் குமரிக் கரையை ஒட்டிச் சென்றது. மரங்கள் விழுந்தன. மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. நம் பூக்காரம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர் அப்போது கடலுக்குப் போயிருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரைப் பற்றிய செய்தி கேட்க வேண்டும். ஆனால் யார் போனிலும் சார்ஜ் இல்லை. அந்த இரவுகளைப் பூக்காரம்மா மறக்கவில்லை.

அதனால் ஓணத்துக்குப் பூ விற்ற பணத்தைச் சேர்த்து வைத்தார். ஒரு பேட்டரிப் பெட்டியும் ஒரு சோலார் பேனலும் வாங்க எண்ணினார். அந்தப் பணம் வீணாகாமல் இருக்க அவர் என்ன பார்க்க வேண்டும்? அதுதான் இந்தப் பேச்சு.

பெட்டி என்ன? பேனல் என்ன?

பேட்டரிப் பெட்டியைக் கடையில் போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன் என்று சொல்வார்கள். கைப்பிடி உள்ள ஒரு பெட்டி. உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கும். வெளியே போன் சொருகும் துளைகள் இருக்கும். பல பெட்டிகளில் வீட்டு பிளக் சொருகும் இடமும் இருக்கும். காட்டிலும் மலையிலும் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். இப்போது தெருவோரக் கடைக்காரர்களுக்கும் இது உதவுகிறது.

பெட்டி மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் குடம். பேனல் அந்தக் குடத்தை நிரப்பும் ஊற்று. வெயில் பட்டால் பேனலில் மின்சாரம் பிறக்கிறது. வயர் வழியாகப் பெட்டிக்குள் போகிறது.

இது நேற்று வந்த வித்தை அல்ல. 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் சிலிக்கானால் ஆன சூரிய மின்கலத்தைச் செய்து காட்டியது. 1975இல் விண்ணுக்குப் போன இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஆரியபட்டாவுக்கும் சூரிய மின்கலங்களே மின்சாரம் தந்தன. 2015இல் கொச்சி விமான நிலையம் முழுக்க முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்கத் தொடங்கியது. 2017இல் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 'ஆதித்யா' என்ற சூரியப் படகு ஓடத் தொடங்கியது. விண்ணில் பறந்த பொருள்தான் இன்று நடைபாதைக்கும் வந்திருக்கிறது.

முதலில் வீட்டில் கணக்குப் போடுங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு தாளை எடுங்கள். எதெதற்கு மின்சாரம் வேண்டும் என்று எழுதுங்கள்.

ஒவ்வொரு பொருளிலும் வாட் என்று ஓர் எண் இருக்கும். அது எவ்வளவு வேகமாக மின்சாரம் குடிக்கிறது என்பதை வாட் சொல்லும். வாட்டை மணி நேரத்தால் பெருக்குங்கள். வருவது வாட்-மணி. ஒரு நாளுக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதை அது சொல்லும்.

பூக்காரம்மா இப்படி எழுதினார்.

விளக்கு 10 வாட், 4 மணி நேரம். ஆக 40.
போன் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் 15. ஆக 30.
சிறிய மின்விசிறி 15 வாட், 6 மணி நேரம். ஆக 90.
மொத்தம் 160 வாட்-மணி.

பெட்டிக்குள் போகும்போதும் வெளியே வரும்போதும் கொஞ்சம் மின்சாரம் சூடாகிக் கழியும். அதற்காகக் கால் பங்கு கூட்டுங்கள். 160உடன் 40 சேர்ந்தால் 200. ஆகவே பூக்காரம்மாவுக்கு ஒரு நாளைக்கு 200 வாட்-மணி வேண்டும். 300 வாட்-மணி கொள்ளும் பெட்டி அவருக்குப் போதும்.

இதே பெட்டியில் இஸ்திரிப் பெட்டியையும் ஓட்டலாமா? முடியாது. இஸ்திரிப் பெட்டி ஒன்றே 1000 வாட் கேட்கும். சூடு உண்டாக்கும் எந்தப் பொருளும் சிறிய பெட்டிக்கு ஆகாது.

எத்தனை வாட் பேனல்?

இனி பேனல். கடையில் 20 வாட், 60 வாட், 100 வாட், 200 வாட் என்று பலவும் இருக்கும்.

இங்கே ஓர் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 100 வாட் என்று எழுதிய பேனல் உங்கள் முற்றத்தில் 100 வாட் தராது. அது எப்போதும் ஏமாற்று வேலை என்று எண்ண வேண்டாம். பேனலைச் சோதனைக்கூடத்தில் வைத்து அளப்பார்கள். அங்கே உச்சி வெயில் போன்ற பிரகாசமான ஒளி இருக்கும். ஆனால் பேனலின் சூடு 25 டிகிரிதான் இருக்கும். நம் ஊர் வெயிலில் பேனல் 60 டிகிரி வரை கொதிக்கும். சூடு ஏற ஏற மின்சாரம் குறையும். ஒவ்வொரு டிகிரிக்கும் நூறில் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை குறையும். 35 டிகிரி கூடினால் நூறில் பத்துப் பங்குக்கு மேல் போய்விடும். தூசி, சாய்வு, வயர் எல்லாம் சேர்ந்து இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

ஆகவே 100 வாட் பேனல் நல்ல வெயிலில் 70 வாட் தந்தால் அது நல்ல பேனல்தான்.

காலை வெயிலும் மாலை வெயிலும் மெலிந்தவை. நாள் முழுவதும் விழும் ஒளியைச் சேர்த்துப் பார்த்தால், நல்ல நாளில் அது சுமார் 5 மணி நேர உச்சி வெயிலுக்குச் சமம். 70ஐ 5ஆல் பெருக்குங்கள். 350 வாட்-மணி.

இப்போது ஒப்பிடுங்கள். பூக்காரம்மாவுக்கு வேண்டியது 200.

20 வாட் பேனல் ஒரு நாளில் 70 தரும். போதாது.
60 வாட் பேனல் 210 தரும். வெயில் நாளில் போதும். மேகம் வந்தால் போதாது.
100 வாட் பேனல் 350 தரும். பாதி நாள் மேகம் மூடினாலும் 175 கிடைக்கும்.

அவர் 100 வாட் என்று தாளில் எழுதி வட்டம் போட்டார்.

அப்படியானால் 200 வாட் இன்னும் நல்லதல்லவா? பொறுங்கள். பெட்டி எவ்வளவு விழுங்கும் என்று பார்க்க வேண்டும். 'சூரிய ஒளி உள்ளீடு 100 வாட் வரை' என்று பெட்டியில் இருந்தால், அது 100 வாட்டுக்கு மேல் எடுக்காது. சிறிய வாய் உள்ள குடத்தில் பெரிய குழாயைத் திறந்தால் என்ன பயன்?

பேனலின் முதுகில் என்ன இருக்கிறது?

பூக்காரம்மா சாலைக் கடைத்தெருவுக்குள் ஒரு கடைக்குப் போனார். கடைக்காரர் அவரைவிட இளையவர். தமிழ்க்காரர்.

"வாங்க அக்கா. என்ன வேணும்?"

"சோலார் பேனல் வேணும் தம்பி. நூறு வாட்."

கடைக்காரர் மடித்த பேனல் ஒன்றை எடுத்து வைத்தார். அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் 100 என்று இருந்தது. பக்கத்தில் மலையும் கூடாரமும் படமாக இருந்தன.

"இதுதான் அக்கா. எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க."

"கொஞ்சம் விரிச்சுக் காட்டு தம்பி. அதோட முதுகைப் பார்க்கணும்."

கடைக்காரர் சிரித்தார். "முதுகுல என்ன அக்கா இருக்கு?"

"கணக்கு இருக்கு தம்பி."

ஆம். பேனலின் பின்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் ஆங்கில எழுத்துகள் இருக்கும். அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டாம். எண்ணைப் பாருங்கள். எண்ணுக்குப் பின்னால் நிற்கும் ஓர் எழுத்தைப் பாருங்கள். அது போதும்.

விரித்த இரண்டு விரல் போல ஓர் எழுத்து இருந்தால், அது 'வி'. அது வோல்ட்.
இரண்டு 'வி' ஒட்டி நின்றால், அது 'டபிள்யூ'. அது வாட்.
கூடாரம் போல நின்று நடுவில் ஒரு கோடு இருந்தால், அது 'ஏ'. அது ஆம்பியர்.

வோல்ட் என்பது மின்சாரத்தைத் தள்ளும் விசை. உயரத்தில் வைத்த தொட்டி தண்ணீரை வேகமாகத் தள்ளுவது போல. ஆம்பியர் என்பது ஓடும் அளவு. குழாயில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது போல. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் வரும்.

பூக்காரம்மா அந்தச் சீட்டில் 18 வோல்ட், 5.5 ஆம்பியர் என்று படித்தார். 18ஐ 5.5ஆல் பெருக்கினார். 99 வந்தது. அட்டையில் 100 என்று இருக்கிறது. முதுகில் 99 வருகிறது. சரிதான்.

பெருக்கிப் பார்க்கும்போது 30 அல்லது 40 வந்தால்? அட்டைப் பெட்டி பொய் சொல்கிறது என்று பொருள்.

முழம் போட்டுப் பாருங்கள்

சீட்டிலேயே பொய் அச்சடித்திருந்தால் என்ன செய்வது? அதற்கும் வழி உண்டு. பேனலின் அளவு பொய் சொல்லாது.

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் சுமார் 1000 வாட் ஒளி விழுகிறது. இன்றைய நல்ல பேனல் அதில் ஐந்தில் ஒரு பங்கையோ, அதற்குச் சற்றுக் கூடுதலாகவோதான் மின்சாரமாக்கும். அடிக் கணக்கில் சொன்னால், ஒரு சதுர அடிக்குச் சுமார் 20 வாட். இதை மனத்தில் வையுங்கள்.

100 வாட் வேண்டுமானால் சுமார் 5 சதுர அடி வேண்டும். இரண்டு அடி அகலம், இரண்டரை அடி நீளம். துணி ஓரத்தையும் பையையும் கணக்கில் சேர்க்காதீர்கள். கறுப்பாகத் தெரியும் பகுதியை மட்டும் அளக்க வேண்டும். ஓர் அடி அகலமும் ஒன்றரை அடி நீளமும் உள்ள பேனல் 30 வாட்தான் தரும். அதன் மேல் 100 என்று எழுதியிருந்தாலும் 30தான்.

பூக்காரம்மாவுக்கு முழம் போடத் தெரியாதா? தினமும் பூவை முழம் போட்டுத்தானே விற்கிறார்! அவர் கையாலேயே அளந்தார். விரித்த பேனல் ஒன்றரை முழத்துக்கு ஒன்றே முக்கால் முழம் இருந்தது. ஒரு முழம் ஏறக்குறைய ஒன்றரை அடி. கணக்கு ஏறக்குறைய ஒத்து வந்தது.

கடைக்காரர் இப்போது சிரிக்கவில்லை. "நீங்க நல்லா விவரமாத்தான் இருக்கீங்க அக்கா" என்றார்.

கேடு செய்யும் எண்

இனி வருவது மிக முக்கியம். பேனலின் முதுகில் வோல்ட் இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று வேலை செய்யும்போது உள்ள வோல்ட். மேலே சொன்ன பேனலில் அது 18. இன்னொன்று அதைவிடப் பெரியது. எதிலும் இணைக்காமல் வெயிலில் கிடக்கும்போது உள்ள வோல்ட். அதே பேனலில் அது 21.6 என்று இருக்கலாம். இதைக் கடைக்காரர்கள் வி-ஓ-சி என்பார்கள்.

பெட்டியிலும் ஓர் எல்லை எழுதியிருக்கும். '12 வோல்ட் முதல் 30 வோல்ட் வரை' என்பது போல. பேனலின் பெரிய வோல்ட் அந்த எல்லைக்குள் இருக்க வேண்டும். 21.6 என்பது 30க்குள் இருக்கிறது. நல்லது.

எல்லையைத் தாண்டினால் பெட்டியின் உள்ளே உள்ள மின்சுற்று கெட்டுப்போகலாம். ஆம்பியர் கூடினால் பெட்டி தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். வோல்ட் கூடினால் அப்படி அல்ல. அது பெட்டியைக் கெடுக்கும். ஒரே நிமிடத்தில் சேமித்த பணம் போய்விடும்.

எல்லையை ஒட்டியும் போகக் கூடாது. குளிரில் வோல்ட் ஏறும். மூணாறு போன்ற மலை ஊரில் விடியற்காலைக் குளிரில் பேனல் தன் சீட்டில் உள்ளதைவிடக் கூடுதல் வோல்ட் தரும். ஆகவே பத்தில் ஒரு பங்காவது இடைவெளி விடுங்கள்.

இரண்டு பேனல்களை இணைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் இணைத்தால் வோல்ட் கூடும். 21.6உம் 21.6உம் சேர்ந்து 43 வோல்ட்டுக்கு மேல் போகும். 30 வோல்ட் பெட்டி அதைத் தாங்காது. பக்கம் பக்கமாக இணைத்தால் வோல்ட் மாறாது. ஆம்பியர் மட்டும் கூடும். எந்த முறை என்று தெரியாமல் இணைக்காதீர்கள். தெரிந்தவரைக் கேளுங்கள்.

வாயும் மூடியும் பொருந்த வேண்டும்

பேனலின் வயர் நுனியில் ஒரு பின் இருக்கும். பெட்டியில் ஒரு துளை இருக்கும். எல்லாப் பின்னும் எல்லாத் துளைக்கும் பொருந்தாது. உருண்டையான பின் உண்டு. சதுரமான பின் உண்டு. அதனால் பெட்டியைக் கையோடு கொண்டுபோய்ச் சொருகிப் பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் கடையிலேயே பெட்டியையும் பேனலையும் சேர்த்து வாங்குங்கள்.

பொருந்தாவிட்டால் மாற்றுப் பின் கிடைக்கும். ஆனால் வயரை வெட்டி ஒட்டுப் போடாதீர்கள். நேர்முனையும் எதிர்முனையும் மாறிவிட்டால் பெட்டி கெட்டுப்போகலாம்.

பின்னைச் சொருகிய பிறகு ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். பெட்டியையும் பேனலையும் கடை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். உச்சி வெயில் நேரமாக இருக்கட்டும். பெட்டியின் திரையில் உள்ளே வரும் வாட் தெரியும். 100 வாட் பேனலுக்கு 60, 70 தெரிந்தால் சரி. 15, 20 தெரிந்தால் வாங்காதீர்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். பெட்டி ஏற்கெனவே நிறைந்திருந்தால் அது எதையும் எடுக்காது. பாதி காலியான பெட்டியில்தான் சோதிக்க வேண்டும்.

மடிக்கும் பேனலா? கண்ணாடிப் பேனலா?

பேனல் இரண்டு வகையில் வரும். ஒன்று துணிப் பை போல மடிப்பது. இன்னொன்று அலுமினியச் சட்டத்தில் கண்ணாடி போட்டது.

மடிப்பது எடை குறைவு. பஸ்ஸில் கொண்டுபோகலாம். ஆனால் விலை அதிகம். மடிக்கும் இடத்தில் நாளடைவில் பழுது வரலாம். கண்ணாடிப் பேனல் எடை கூடுதல். ஆனால் அதே வாட்டுக்கு விலை குறைவு. நல்ல கம்பெனிக் கண்ணாடிப் பேனலுக்கு 25 ஆண்டு வரை உத்தரவாதம் தருவார்கள். மடிக்கும் பேனலுக்கு அவ்வளவு தர மாட்டார்கள்.

ஒரே இடத்தில் வைப்பதானால் கண்ணாடிப் பேனலே லாபம். தினமும் தூக்கிக்கொண்டு போவதானால் மடிக்கும் பேனல். பூக்காரம்மா பகலில் கிழக்கேகோட்டையில் இருக்கிறார். இரவில் வீட்டில் இருக்கிறார். அவருக்கு மடிப்பதுதான் ஏற்றது.

மழை பற்றியும் கேளுங்கள். 'ஐ.பி. 65', 'ஐ.பி. 67' என்று எழுதியிருக்கும். முதல் எண் தூசியைப் பற்றியது. இரண்டாவது எண் தண்ணீரைப் பற்றியது. 5 என்றால் தண்ணீர் பீய்ச்சினாலும் தாங்கும். 7 என்றால் சிறிது நேரம் ஆழமில்லாத தண்ணீரில் மூழ்கினாலும் தாங்கும். ஆனால் பேனல் தாங்கும் என்பதற்காகப் பெட்டியும் தாங்கும் என்று எண்ணாதீர்கள். பெரும்பாலான பெட்டிகள் நனையக் கூடாது.

பெட்டி வாங்கும்போது பேட்டரியின் வகையைக் கேளுங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்ற வகை நீண்ட நாள் உழைக்கும். ஆயிரக்கணக்கான முறை நிரப்பிக் காலி செய்யலாம். சூட்டையும் ஓரளவு தாங்கும்.

வெயில் எந்தப் பக்கம்?

நல்ல பேனலைத் தவறாக வைத்தால் பாதி மின்சாரம் போய்விடும்.

பத்மநாபசுவாமி கோயில் கோபுரத்தில் மாடத்துக்கு மாடம் வாசல் உண்டு. ஆண்டில் இரண்டு முறை, மார்ச் மாதத்திலும் செப்டம்பர் மாதத்திலும், பகலும் இரவும் சமமாகும் நாள் வரும். அந்த நாளில் மறையும் சூரியன் அந்த வாசல்களில் ஒவ்வொன்றாகத் தெரிந்து இறங்கும். கிழக்கேகோட்டையில் கூட்டம் கூடி நின்று பார்க்கும். மற்ற நாட்களில் ஏன் அப்படித் தெரிவதில்லை? சூரியன் ஆண்டு முழுவதும் ஒரே பாதையில் போவதில்லை. வடக்கும் தெற்குமாக நகர்கிறது.

பேனல் வைப்பவரும் இதை அறிய வேண்டும். சித்திரை விஷு சமயத்தில் திருவனந்தபுரத்தில் உச்சிச் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்கும். அப்போது பேனலைப் படுக்க வைத்தாலே போதும். அதன் பிறகு ஆகஸ்ட் இறுதி வரை உச்சிச் சூரியன் சற்று வடக்கே இருக்கும். மார்கழியில் நன்றாகத் தெற்கே சாய்ந்திருக்கும். அப்போது பேனலைத் தெற்கு நோக்கிச் சாய்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் கருவி வேண்டாம். ஒரு பேனாவைப் பேனலின் மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். நிழல் நீளமாக விழுந்தால் பேனல் கோணலாக இருக்கிறது. நிழல் மறையும்வரை பேனலைத் திருப்புங்கள். நிழல் மறைந்தால் பேனல் சூரியனை நேராகப் பார்க்கிறது.

நிழல்தான் பேனலின் பகை. பேனலில் உள்ள சில்லுகள் கைகோத்து நிற்கும் வரிசை போன்றவை. ஒன்றின் மேல் நிழல் விழுந்தால் வரிசையே தளர்ந்துவிடும். ஒரு கிளையின் நிழலோ காக்கை எச்சமோ போதும், மின்சாரம் பாதியாகக் குறையலாம். கிழக்கேகோட்டையில் கட்டட நிழல் உண்டு. பஸ் நிழல் உண்டு. பகலில் நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் பூக்காரம்மா மணிக்கொரு தடவை பேனலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அகத்தியர் மலை போன்ற காட்டுக்குப் போகிறவர்களுக்கும் இதே பாடம்தான். மரத்தடியில் பேனலை விரித்துப் பயன் இல்லை.

பேனல் வெயிலில் இருக்கட்டும். பெட்டி நிழலில் இருக்கட்டும். பெட்டியை வெயிலில் வைத்தால் பேட்டரி சூடாகி அதன் ஆயுள் குறையும்.

மழைக்காலத்தில் என்ன செய்வது?

திருவனந்தபுரத்துக்கும் குமரிக்கும் ஆண்டில் இரண்டு மழைக்காலம். இடவப்பாதி மழை ஜூனில் தொடங்கும். துலாமழை அக்டோபரில் தொடங்கும். கருமேகம் மூடினால் பேனல் நாலில் ஒரு பங்குதான் தரும். சில நாள் அதையும் தராது.

நாலில் ஒரு பங்கு என்றால் பூக்காரம்மாவுக்கு 90 வாட்-மணி போலக் கிடைக்கும். விளக்குக்கும் இரண்டு போனுக்கும் அது போதும். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். மழை நாளில் மின்விசிறி எதற்கு?

புயல் எச்சரிக்கை வந்தால் பேனலை நம்பிக் காத்திருக்காதீர்கள். மின்சாரம் இருக்கும்போதே வீட்டு பிளக்கில் சொருகிப் பெட்டியை நிறைத்து வையுங்கள். 2018 ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. அதே ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி கஜாப் புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. மழை விட்டது. காற்று நின்றது. வெயில் வந்தது. ஆனாலும் பல ஊர்களுக்கு மின்சாரம் உடனே வரவில்லை. பேனல் உதவுவது அந்த நாட்களில்தான். புயலின் இரவுக்கு நிறைந்த பெட்டி. புயலுக்குப் பிந்திய பகல்களுக்குப் பேனல்.

காற்று வீசும்போது பேனலை உள்ளே எடுத்து வையுங்கள். அது பட்டம் போலப் பறக்கும்.

பில் கேளுங்கள்

பணம் கொடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

உத்தரவாதம் எத்தனை ஆண்டு? பழுதானால் எங்கே கொண்டுவர வேண்டும்? பில் உண்டா?

பில்லில் பேனலின் வாட், பெட்டியின் வாட்-மணி, தேதி, கடையின் பெயர் எல்லாம் இருக்க வேண்டும். பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். லித்தியம் பேட்டரிக்கு இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தின் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

சூரிய மின்சாரம் பற்றி விவரம் கேட்க அரசு நிறுவனமும் உண்டு. கேரளத்தில் அதன் பெயர் அனெர்ட். 1986இல் தொடங்கியது. திருவனந்தபுரத்தில்தான் அதன் தலைமை அலுவலகம்.

நினைவில் வையுங்கள்

ஒன்று, தேவையைத் தாளில் எழுதிக் கூட்டுங்கள்.
இரண்டு, 100 வாட் பேனல் 70 வாட் தரும் என்று கணக்கிடுங்கள்.
மூன்று, முதுகில் உள்ள வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிப் பாருங்கள்.
நான்கு, ஒரு சதுர அடிக்கு 20 வாட் என்று அளந்து பாருங்கள்.
ஐந்து, பேனலின் பெரிய வோல்ட் பெட்டியின் எல்லைக்குள் இருக்கட்டும்.
ஆறு, பின்னைச் சொருகி வெயிலில் சோதியுங்கள்.
ஏழு, பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

நம் பூக்காரம்மா பில்லை வாங்கினார். வரி வரியாக எழுத்துக் கூட்டிப் படித்தார். 100 வாட் என்று இருந்தது. 300 வாட்-மணி என்று இருந்தது. உத்தரவாதத்தின் ஆண்டு மட்டும் எழுதப்படவில்லை.

"தம்பி, எத்தனை வருஷம்னு வாயால சொன்னே. தாள்ல எழுதலையே."

கடைக்காரர் பேனாவை எடுத்து எழுதிக் கொடுத்தார். பூக்காரம்மா அதையும் படித்துப் பார்த்த பிறகுதான் பணத்தை எண்ணி வைத்தார்.

அன்று மாலை கிழக்கேகோட்டையில் இருட்டியது. பூக்கூடைக்கு மேலே ஒரு விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் அவர் பூ கட்டினார். கூட்டம் குறைந்தபோது பில்லை எடுத்து இன்னொரு தடவை படித்தார்.

நண்பர்களே, எழுத்துப் படித்தது கையெழுத்துப் போட மட்டும் அல்ல. நாம் வாங்கும் பொருளின் முதுகைத் திருப்பிப் படிக்கவும்தான்.